அப்பாவுக்கு மீசோதீலியோமா, கேஸ் போடறதுன்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

நீலவானம்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டே இருந்துச்சு, எடுக்க எடுக்க மறுபடி சேந்துச்சு, கடைசியில கேமரா விட்டு பயாப்சி எடுத்து ப்ளூரல் மீசோதீலியோமான்னு, அதாவது நுரையீரலை மூடியிருக்கிற உறையில வர்ற புற்றுநோய்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. டாக்டர் கேட்ட மொதக் கேள்வியே ஆஸ்பெஸ்டாஸ் புழங்குற எடத்துல வேலை பாத்தீங்களான்னுதான். அப்பா வாலிப வயசுல கப்பல்ல எஞ்சின் ரூம் ஃபிட்டர், அப்புறம் கரைக்கு வந்து பாய்லர் ரிப்பேர் காண்ட்ராக்ட் கம்பெனிங்கள்ல மாறி மாறி வேலை. அதுல ஒரு கம்பெனி மூடியே போச்சு.

நஷ்டஈடு கேட்டு வழக்கு போடலாம், சீக்கிரம் விசாரிங்கன்னு டாக்டரே சொன்னாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. இத்தனை வருஷம் கழிச்சு போட முடியுமா, யார் மேல போடறது, இல்லாத கம்பெனிகிட்ட எப்படி கேக்கறது, அப்பா ரொம்ப நாள் சிகரெட் குடிச்சவரு அதைக் காட்டியே தள்ளிட மாட்டாங்களா? அப்பா "விடும்மா, எனக்கு சோறு போட்ட வேலை"ங்கறாரு. எனக்கு விட மனசில்ல. கேஸ் விஷயம்ங்கறதால நாடு, கம்பெனி பேரு எதுவும் எழுதல, பொதுவா வழி தெரிஞ்சா போதும்.

கருப்புக்கோட்டு:

மேடம், பேரு எழுதாம விட்டது ரொம்ப சரி, கடைசி வரைக்கும் அப்படியே இருங்க. பொது எடத்துல நீங்க எழுதறதை எதிர்தரப்பு வக்கீல் தேடி எடுத்து கோர்ட்ல வைப்பாங்க, ஃபேஸ்புக்ல போடற போட்டோ உட்பட. நான் காய நஷ்டஈடு வழக்குகள் பாக்குறவன், பொதுவா சொல்றேன், முடிவை உங்க எடத்து வக்கீல்கிட்ட கேட்டு எடுங்க.

மொத விஷயம் காலக்கெடு. இந்த நோய் தூசி உள்ள போனதுக்கு அப்புறம் 20லேர்ந்து 50 வருஷம் சத்தமே இல்லாம இருந்துட்டு வர்றது, அதனால நிறைய நாட்டுல கெடு தூசி பட்ட நாள்லேர்ந்து ஓடாது, நோயும் அதோட காரணமும் தெரிய வந்த நாள்லேர்ந்துதான் ஓடும். இங்கிலாந்துல 1980 லிமிடேஷன் சட்டப்படி அப்படித் தெரிஞ்ச தேதியிலேர்ந்து 3 வருஷம். அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நிறைய எடத்துல 2 அல்லது 3 வருஷம், சில எடத்துல 1 வருஷம்தான். நோயாளி இறந்துட்டா குடும்பம் போடற வழக்குக்கு கெடு தனியா கணக்கு.

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா கெடு ஒண்ணாலயே தோத்த வழக்குகள் இருக்கு. சுவிட்சர்லாந்துல தூசி பட்டு 10 வருஷத்துல உரிமையே முடிஞ்சிடும்னு சட்டம் இருந்துச்சு. ஒரு மெக்கானிக்குக்கு 2004-ல மீசோதீலியோமா தெரியுது, அடுத்த வருஷம் இறந்துட்டாரு, காலம் தாண்டிருச்சுன்னு அந்த நாட்டு கோர்ட்டுங்க தள்ளிட்டாங்க. நோய் வர்றதுக்கு முன்னாடியே கெடு முடிஞ்சிடும்னா ஒரு மனுஷன் எப்பதான் கோர்ட்டுக்கு வர முடியும்? ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 மார்ச்ல இதைத்தான் கேட்டு, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டிருக்குன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அப்புறம் அவங்க சட்டத்தை மாத்தினாங்க, 2020லேர்ந்து 20 வருஷம். அதே 2014 நவம்பர்ல இத்தாலியில எடர்னிட்ங்கற ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஃபேக்டரி கிரிமினல் வழக்குல கீழ்க் கோர்ட்டும் அப்பீல் கோர்ட்டும் குடுத்த தண்டனை, 16 வருஷம்னு ஆரம்பிச்சு 18 ஆனது, உச்ச நீதிமன்றத்துல கெடு முடிஞ்சிடுச்சுன்னு ரத்தாச்சு. காசாலே மோன்ஃபெராட்டோங்கற அந்த ஊரு ஜனங்க எவ்ளோ பேரைப் புதைச்சிருந்தாங்க!

அதனால பயாப்சி ரிப்போர்ட் தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க, இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்க. தப்பா நினைக்காதீங்க, இன்னொண்ணும் சொல்லணும். இந்த நோய்ல நிறைய பேருக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்தான் கிடைக்குது. அப்பா நல்லா பேசிக்கிட்டு இருக்கிற இந்த நாட்கள்தான் உங்க கேஸோட பெரிய சாட்சி.

பழைய_ஃபிட்டர்:

பாப்பா, நானும் எஞ்சின் ரூம்ல கெடந்தவன்தான், உங்கப்பா வயசுதான் எனக்கும். அவர்கிட்ட "ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை பாத்தீங்களா"ன்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு, ஏன்னா நாங்க யாரும் அப்படி சொல்ல மாட்டோம், எங்களுக்கு அது லேகிங் (சூடு தாங்க குழாயைச் சுத்தற உறை), பேக்கிங் (லீக் அடைக்கத் திணிக்கறது), ஜாயின்ட், கயிறு அவ்ளோதான். அவர் செஞ்ச வேலையைக் கேளு.

ஸ்டீம் லைன்ல லீக் வந்தா லேகிங்கை எப்படி எடுத்தீங்க, கையால பிச்சா, உளியால தட்டியா, தூசி எவ்ளோ நேரம் மெதந்துச்சு, ஃபேன் ஓடிச்சா. புதுசா போடறப்ப மாவு மாதிரி வர்றதைத் தண்ணி ஊத்தி பிசைஞ்சு பூசினீங்களா, அந்த சாக்கை யாரு கொட்டினா, சாக்கு மேல என்ன படம், என்ன எழுத்து. கேஸ்கெட் ஷீட்டை (இணைப்புல லீக் ஆகாம நடுவுல வைக்கற ஷீட்) ஃப்ளேஞ்ச், அதாவது குழாய் விளிம்பு மேல வச்சு சுத்தியால தட்டித் தட்டி வெட்டினீங்களா. பழைய கேஸ்கெட் ஃப்ளேஞ்ச்ல ஒட்டிக்கிட்டா எதைப் போட்டுத் தேய்ச்சீங்க, ஸ்க்ரேப்பரா வயர் பிரஷ்ஷா இல்ல கிரைண்டரா. பம்ப் கிளாண்ட்ல (தண்டு வெளிய வர்ற எடத்துல) பழைய பேக்கிங்கை நோண்டி எடுக்கறது, பாய்லர் கதவு கயிறு மாத்தறது, வேலை முடிஞ்சதும் காத்து ஹோஸால மேல அடிச்சு ஓவரால் சுத்தம் பண்றது, எல்லாத்தையும் கேளு. காத்து அடிக்கறதுதான் ரொம்ப மோசம், மூஞ்சிக்கு நேரா தூசியைக் கெளப்பி விடறது, எங்களுக்கு யாரும் சொல்லல.

மாஸ்க் குடுத்தாங்களா, எச்சரிக்கை போர்டு இருந்துச்சா, அந்த வாட்ச்ல (ஷிஃப்ட்ல) கூட யாரு யாரு இருந்தா, இதையும் கேளு. அப்புறம் மெஷின் மேக்கர் பிளேட். பம்ப், டர்பைன், வால்வு, பாய்லர் எல்லாத்துலயும் பித்தளைத் தகடு இருக்கும், வருஷக்கணக்கா அதைத் தொடச்சவனுக்கு பேரு மறக்காது, கப்பல் பேரு மறந்தாலும் பம்ப் பேரு ஞாபகம் இருக்கும். ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டு சோர்வாக்கிடாத, பழைய போட்டோ எதையாவது எடுத்துக் காட்டி கொஞ்சம் கொஞ்சமா பேச வை. சோறு போட்ட வேலைன்னு சொல்றாரு பாரு, அந்தப் பாசம் எனக்கும் இருக்கு. வேலை மேல கோவப்படச் சொல்லல, தெரிஞ்சும் சொல்லாதவங்களைக் கேள்வி கேக்கலாம்னு சொல்லு.

நீலவானம்:

ஐயா, இதைப் படிச்சுக் காட்டினேன். அப்பா எழுந்து ஒக்காந்துட்டாரு. கிளாண்ட் பேக்கிங்னு கேட்டதும் தானா பேச ஆரம்பிச்சாரு, ரெண்டு பம்ப் கம்பெனி பேரும் ஒரு கேஸ்கெட் ஷீட்டோட கலரும் மேல அச்சடிச்சிருந்த பேரும் சொன்னாரு. போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். இது கோர்ட்ல செல்லுமா?

கருப்புக்கோட்டு:

உங்க ரெக்கார்டிங் வக்கீலுக்கு வரைபடம் மாதிரி உதவும், அழிச்சிடாதீங்க. ஆனா அது தனியா சாட்சியமா நிக்கறது கஷ்டம், எதிர்தரப்பு குறுக்கு விசாரணை பண்ணாத பேச்சை நிறைய கோர்ட்டு ஏத்துக்காது. அதனால முறைப்படி சத்தியப் பிரமாணம் வச்சு, எதிர்தரப்பு வக்கீலும் கேள்வி கேட்டு, வீடியோ எடுக்கற வாக்குமூலம் வேணும். நோயாளி முடியாம இருக்காருன்னு டாக்டர் சர்டிஃபிகேட் வச்சு அவசரமா ஏற்பாடு பண்ணலாம், வீட்லயோ ஆஸ்பத்திரிலயோ படுக்கைக்குப் பக்கத்துலயே எடுக்கலாம். ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல இந்த மாதிரி தூசி நோய்க்குன்னே 1989-ல ஒரு தீர்ப்பாயம் அமைச்சாங்க, நோயாளி உயிரோட இருக்கும்போதே அவசரமா விசாரிச்சு முடிக்கறது அங்க வழக்கமா நடக்குது. கலிஃபோர்னியாவுல மீசோதீலியோமா நோயாளி ஆறு மாசம் தாண்டறது சந்தேகம்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வாக்குமூலத்தை 7 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு 2020லேர்ந்து சட்டம், பிரதிவாதிங்க நிறைய பேரா இருந்தா மட்டும் கொஞ்சம் நீட்டலாம். முன்னாடி நாள் கணக்கா இழுத்தடிச்சிருக்காங்க.

ரெக்கார்ட் பண்றப்ப ஒரே ஒரு கவனம். நீங்களா பேரு எடுத்துக் குடுக்காதீங்க. "இந்த கம்பெனி பேக்கிங்தானேப்பா"ன்னு கேட்டுட்டா பின்னாடி மக சொல்லிக் குடுத்தான்னு நிப்பாட்டிடுவாங்க.

நுண்நோக்கி:

நான் பேத்தாலஜி, திசுவைச் சோதிச்சு நோய் கண்டுபிடிக்கற துறை. சிகரெட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதனால வந்தேன். மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் சம்பந்தம் கிடையாது. அப்பா குடிச்ச சிகரெட் இந்த நோயைக் கொண்டு வரல, அவர் மனசுல அந்தக் குத்த உணர்ச்சி இருந்தா முதல்ல அதை எடுங்க. நுரையீரல் புற்றுநோயா இருந்தாதான் அது பெரிய சண்டை, அங்க புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தா ஆபத்து கூட்டலா ஏறாம கிட்டத்தட்ட பெருக்கலா ஏறும். அந்த மாதிரி கேஸுக்குத்தான் நிபுணர்கள் வகுத்த 1997 ஹெல்சின்கி அளவுகோல்ல 25 ஃபைபர்-வருஷம்னு (காத்துல இருந்த நார் அளவை வேலை பாத்த வருஷத்தால பெருக்கினது) ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அவ்ளோ தூசி பட்டிருந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ரெண்டு மடங்காகுதுன்னு. மீசோதீலியோமாவுக்கு அவ்ளோ தூசி தேவையே இல்ல, குறைஞ்ச தூசிலயும் வரும்.

எதிர்தரப்பு நோயையே கேள்வி கேக்கும், இது வேற எடத்துலேர்ந்து பரவின அடினோகார்சினோமாவா (சுரப்பித் திசுவுல ஆரம்பிக்கற வேற புற்றுநோய்) இருக்கலாமேன்னு. அதனால இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி (திசுவுல எந்தப் புரதம் இருக்குன்னு சாயம் போட்டுப் பாக்கற சோதனை) ரிப்போர்ட்டை முழுசா வாங்கி வைங்க. மீசோதீலியோமாவைக் காட்டற அடையாளங்களா கால்ரெட்டினின், டபிள்யூடி-1, டி2-40 பாசிட்டிவ்னு இருக்கும், பிஏபி1ங்கற புரதம் போயிருக்குன்னும் இருக்கலாம். தண்ணியில பாத்த செல் ரிப்போர்ட் மட்டும் இருந்தா சந்தேகம் கெளப்புவாங்க, உங்களுக்கு பயாப்சி எடுத்திருக்கறது நல்லது. முக்கியமா மெழுகு பிளாக், திசுவைப் பதிச்சு வச்சிருக்கறது. லேப் எல்லாம் அதைக் காலத்துக்கும் வச்சிருக்காது, சில வருஷத்துல தூக்கிப் போட்டுடும். வழக்கு வருது, பிளாக்கையும் ஸ்லைடையும் அழிக்கக் கூடாதுன்னு எழுத்துல ஒரு கடிதம் குடுத்து ஒப்புகை வாங்குங்க. சிடி ஸ்கேனை ரிப்போர்ட் பேப்பரா மட்டும் வாங்காம படமாவே டிஸ்க்ல வாங்குங்க. அதுல ப்ளூரல் பிளேக் (நுரையீரல் உறையில வர்ற தடிப்பு) சுண்ணாம்பு படிஞ்சு தெரிஞ்சா ஆஸ்பெஸ்டாஸ் பட்டதுக்கு அதுவே நல்ல அடையாளம்.

அலையாத்தி:

எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா இன்னொரு பக்கத்தையும் யோசிக்கணும் இல்லையா. எங்க பெரியப்பாவுக்கு இதே நோய். கடைசி மாசங்கள்ல பாதி நேரம் வக்கீல், பேப்பர், கேள்வி, மறுபடி கேள்வின்னே போச்சு, அவரு மூச்சு வாங்கிக்கிட்டே பதில் சொன்னதைப் பாக்க முடியல. கேஸ் ஜெயிச்சு பணம் வர்றப்ப அவரு இல்ல. அந்த நாட்களை அவரு பேரப் பசங்களோட இருந்திருக்கலாம்னு இன்னிக்கும் நினைக்கறேன். நீலவானம், அப்பா வேணாம்னு சொல்றதையும் மதிக்கணும்.

தென்றல்:

அலையாத்தி அக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது, பெரியப்பா பட்டது கொடுமைதான். எங்க வீட்ல நடந்தது வேற மாதிரி, அதையும் சொல்றேன்.

நோய் வந்தது எங்கம்மாவுக்கு, அவங்க எந்த ஃபேக்டரிக்கும் போனதில்ல. அப்பா இன்சுலேஷன் வேலை, தெனமும் அவரோட சட்டையை உதறி தொவைச்சது அம்மாதான், அந்த தூசிதான். வேலை பாக்காதவங்களுக்கு எப்படி கேஸ்னு மொதல்ல ரெண்டு வக்கீலுங்க எடுக்கவே இல்ல. மூணாவதா பாத்தவருதான் இந்த மாதிரி வீட்டுக்கு வந்த தூசிக்கும் கம்பெனி பொறுப்புன்னு தீர்ப்புகள் இருக்குன்னாரு. தொழிலாளியோட ஒரே வீட்ல வாழறவங்க விஷயத்துலயும் கம்பெனிக்கு கடமை இருக்குன்னு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016-ல சொல்லியிருக்கு, இங்கிலாந்துல லீட்ஸ்ல ஃபேக்டரி பக்கத்துல தூசியில வெளையாடின குழந்தைங்க பெரியவங்களாகி நோய் வந்து போட்ட வழக்கு 1990-கள்லயே ஜெயிச்சிருக்கு. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி ஏத்துக்கறதில்ல, ஆனா வழி இருக்கு.

எங்கம்மா வாக்குமூலம் ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல முடியலன்னு நிறுத்தி இன்னொரு நாள், வீட்லயே. அன்னிக்கு ராத்திரி அம்மா நல்லா தூங்கினாங்க. தன் கதையை யாரோ மொத தடவையா முழுசா கேட்டாங்கன்னு அவங்களுக்கு இருந்துச்சு. மீதி பேப்பர் வேலை எதையும் அவங்ககிட்ட கொண்டு போகல, அதுக்கு நான் இருந்தேன். நீலவானம், நோயாளி செய்ய வேண்டியது அந்த ஒரு வாக்குமூலம் மட்டும்தான்னு முன்கூட்டியே வக்கீல்கிட்ட பேசி வச்சுக்கோங்க, மத்ததுக்கு உங்க பேருல அதிகாரப் பத்திரம் வாங்கிக்கோங்க. ஆனா கடைசியில அப்பா வேணாம்னு உறுதியா சொன்னா அதுதான் முடிவு, அதுல அக்கா சொல்றது சரி.

அலையாத்தி:

அதிகாரப் பத்திரம் விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லல தென்றல். எல்லாக் கையெழுத்துக்கும் பெரியப்பாவையே எழுப்பினோம்.

குறிப்பேடு:

யாரு மேல போடறதுங்கற கேள்வி அப்படியே நிக்குது. வக்கீல் சார் வர்றதுக்குள்ள பேப்பர் பக்கம் நான் சொல்றேன், நான் ஒரு தொழிற்சங்கத்துல பழைய ரெக்கார்டுங்க பாத்துக்கறேன்.

கப்பல் வேலைன்னா மாலுமி டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும், எந்தக் கப்பல், எந்தத் தேதி ஏறினாரு எறங்கினாருன்னு முத்திரையோட. அதை வக்கீலுக்கு ஒரிஜினல் குடுக்காம நகல் குடுங்க. கரை வேலைக்கு பழைய சம்பளச் சீட்டு, பிஎஃப் இல்லன்னா சமூகப் பாதுகாப்புக் கணக்கு, வருமான வரி ரெக்கார்ட். அரசாங்கத்துகிட்ட எந்த வருஷம் எந்த முதலாளி பணம் கட்டினாருங்கற பட்டியல் கேட்டு வாங்கலாம், அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் அதுக்குத் தனி விண்ணப்பமே இருக்கு, வர வாரக்கணக்குல ஆகும், அதனால மொத நாளே போட்டுடுங்க. கூட வேலை பாத்தவங்க உயிரோட இருந்தா அவங்க பிரமாண வாக்குமூலம். இன்னொருத்தர் "ஆமா, நாங்க ரெண்டு பேரும் அந்த பாய்லர் ரூம்லதான்"னு சொன்னா அதோட பலமே வேற.

"அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாது"ன்னு எதிர்தரப்பு சொல்லும், அதைக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்கும். 1924-ல நெல்லி கெர்ஷான்னு இங்கிலாந்து ராச்டேல்ல ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூத்த பொண்ணு 33 வயசுல இறந்தாங்க, அவங்க நுரையீரல்ல இருந்த நாரைப் பத்தி மருத்துவப் பத்திரிகையிலயே வந்துச்சு. 1930-ல அந்த நாட்டு அரசாங்கத்துக்கு மெர்வெதர், ப்ரைஸ்ங்கற ரெண்டு பேர் ஆய்வறிக்கை குடுத்தாங்க, 1931-லயே தூசியைக் கட்டுப்படுத்த விதி போட்டாங்க. 1935-ல அமெரிக்காவுல ரெண்டு பெரிய ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி தலைமையில இருந்தவங்க, இதைப் பத்தி எவ்ளோ கம்மியா பேசறோமோ அவ்ளோ நல்லதுன்னு ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்ட கடிதம் பின்னாடி வழக்குகள்ல வெளிய வந்துச்சு. 1960-ல தென்னாப்பிரிக்கால வாக்னர் குழு மீசோதீலியோமாவை நீல ஆஸ்பெஸ்டாஸோட சேத்து எழுதிட்டாங்க, 1964-ல நியூயார்க்ல செலிகாஃப் இன்சுலேஷன் தொழிலாளிங்களைப் பத்தி வெளியிட்டாரு. உங்கப்பா வேலைக்குச் சேந்தப்ப இது எல்லாமே அச்சுல இருந்த விஷயம்.

கருப்புக்கோட்டு:

குறிப்பேடு சொன்னதுதான் கேஸோட முதுகெலும்பு. இப்ப யார் மேலன்னு பாப்போம்.

முதலாளி ஒருத்தர், பொருளைத் தயாரிச்சு வித்தவங்க இன்னொருத்தர், எடத்துக்குச் சொந்தக்காரர் வேற. பல நாட்டுல முதலாளி மேல தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படிதான் போக முடியும், தயாரிப்பாளர் மேல தனி வழக்கு. அமெரிக்காவுல இந்தத் தயாரிப்பாளர் வழி தொறந்தது 1973 போரெல் வழக்குலதான், இன்சுலேஷன் தொழிலாளி, எச்சரிக்காம வித்த கம்பெனிங்க பொறுப்புன்னு தீர்ப்பு. வழக்கு போட்டவர் விசாரணைக்கு முன்னாடியே இறந்துட்டாரு, மனைவி தொடர்ந்து நடத்தினாங்க. அப்பாவுக்கு ஏதாவது ஆனாலும் கேஸ் தானா செத்துடாது.

ஃபிட்டர் ஐயா மேக்கர் பிளேட் பத்தி சொன்னாரே, அதுக்கு சட்டத்துல பெரிய மதிப்பு. பம்ப், டர்பைன் கம்பெனிங்க "நாங்க வெறும் இரும்பு மெஷின்தான் குடுத்தோம், ஆஸ்பெஸ்டாஸ் சுத்தினது வேற ஆளு"ன்னு தப்பிச்சுக்கிட்டு இருந்தாங்க. 2019-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கப்பல்படை ஆட்கள் ரெண்டு பேரோட வழக்குல, ஆஸ்பெஸ்டாஸ் பாகம் சேத்தாதான் ஓடும்னு தெரிஞ்சு வித்தா எச்சரிக்க வேண்டிய கடமை உனக்கும் உண்டுன்னு கடல்சார் சட்டத்துல சொல்லிடுச்சு.

எந்தக் கம்பெனி தூசியால வந்துச்சுன்னு எப்படி பிரிக்கறதுன்னு கேப்பீங்க. பிரிக்கவே முடியாது, மருத்துவத்துக்கே முடியாது. இங்கிலாந்துல 2002 ஃபேர்சைல்ட் வழக்குல அதுக்காகத்தான், ஒவ்வொரு முதலாளியும் ஆபத்தை கணிசமா கூட்டினாங்கன்னு காட்டினா போதும்னு அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு குடுத்துச்சு. 2006-ல இன்னொரு தீர்ப்பு வந்து அவங்கவங்க பங்கு மட்டும்னு குறைச்சுது, அதே வருஷமே பார்லிமென்ட் சட்டம் போட்டு மீசோதீலியோமாவுக்கு எந்த ஒருத்தர்கிட்டயும் முழுத் தொகையும் கேக்கலாம்னு மாத்திடுச்சு.

மூடின கம்பெனி. கம்பெனி செத்தாலும் அப்ப அது எடுத்திருந்த இன்சூரன்ஸ் உயிரோட இருக்கலாம். இங்கிலாந்துல பழைய முதலாளியோட இன்சூரன்ஸைத் தேடறதுக்குன்னே ஒரு அலுவலகம் 2011லேர்ந்து இருக்கு, அதுலயும் கிடைக்கலன்னா 2014 மீசோதீலியோமா சட்டப்படி இன்சூரன்ஸ் கம்பெனிங்க சேத்த நிதியிலேர்ந்து தருவாங்க. அமெரிக்காவுல ஜான்ஸ்-மேன்வில்ங்கற ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி 1982-ல திவால் மனு போட்டு, 1988-ல பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு குடுக்க டிரஸ்ட் அமைஞ்சுது. அப்புறம் அதே வழியில நிறைய. 2011-ல அந்த நாட்டு அரசுக் கணக்காய்வு அலுவலகம் எண்ணினப்ப 60 டிரஸ்ட், 2010 வரைக்கும் 1,750 கோடி டாலர் போல குடுத்திருந்தாங்க. டிரஸ்ட்ல கோர்ட் விசாரணை கிடையாது, நோய் ரிப்போர்ட்டும் அந்தப் பொருளோட வேலை பாத்த ஆதாரமும் போதும். ஆனா முழு மதிப்பு கிடைக்காது, ஒரு சதவீதம்தான், பின்னாடி வர்றவங்களுக்கும் மிச்சம் வைக்கணும்ல.

மணல்மேடு:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இந்தியாவுல ஃபேக்டரியில வேலை பாத்து ஆஸ்பெஸ்டோசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் தூசியால நுரையீரல் தழும்பாகிற நோய்) வந்தவங்களுக்கு என்ன வழி சார்? இதே விஷயம் எங்க மாமாவுக்கு.

கருப்புக்கோட்டு:

இ.எஸ்.ஐ.யில பதிஞ்ச தொழிலாளின்னா அதுல தொழில்நோய்ப் பலன் கேக்கணும், பதியலன்னா 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி கமிஷனர்கிட்ட கேக்கறதா இருந்துச்சு, 2025 நவம்பர்லேர்ந்து அதுக்குப் பதிலா 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கு, இ.எஸ்.ஐ.யிலயும் இழப்பீட்டுச் சட்டத்துலயும் ஆஸ்பெஸ்டோசிஸ் பட்டியல்ல இருக்கு. பழைய சட்டத்துல கமிஷனர்கிட்ட 2 வருஷக் கெடு, தக்க காரணம் காட்டினா தாமதத்தை மன்னிக்க அவருக்கு அதிகாரம் இருந்துச்சு. 1995 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கையில வச்சுக்கோங்க, நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் போட்ட வழக்கு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியோட ஆரோக்கியம் அரசியலமைப்புச் சட்டம் 21-ஆவது பிரிவு வாழும் உரிமைக்குள்ள வரும்னும், சேந்த நாள்லேர்ந்து 40 வருஷம் இல்லன்னா வேலை விட்டு 15 வருஷம், எது பின்னாடியோ அதுவரைக்கும் ஒவ்வொரு தொழிலாளியோட மருத்துவ ரெக்கார்டையும் கம்பெனி வச்சிருக்கணும்னும் உத்தரவு. அந்த ரெக்கார்டை எழுத்துல கேளுங்க. தரலன்னா தரலங்கறதே உங்களுக்கு ஆதாரம். மார்பு நோய் டாக்டர் கண்டுபிடிச்சா ஃபேக்டரிகளோட தலைமை ஆய்வாளருக்கு அறிவிக்கணும், அதையும் செய்யச் சொல்லுங்க.

தென்றல்:

வக்கீல் ஃபீஸ் பத்தி பெண்கள் கேக்கத் தயங்கறோம், தயங்காதீங்க. சில நாட்டுல ஜெயிச்சாதான் ஃபீஸ், வர்றதுல ஒரு பங்கு. இந்தியாவுல வக்கீல் அப்படி பங்கு பேசக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி. பங்குன்னு சொன்னா, நிபுணர் செலவு, கோர்ட் செலவு எல்லாம் கழிக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா, தோத்தா அந்தச் செலவு யாரு தலையில, இதை எழுத்துல வாங்குங்க. மருத்துவச் செலவை இன்சூரன்ஸோ அரசாங்கமோ கட்டியிருந்தா வர்ற பணத்துலேர்ந்து அவங்க திருப்பிக் கேப்பாங்க, அதையும் மொதல்லயே கேட்டு வைங்க. விளம்பரத்துல பாத்த வக்கீலா இருந்தா, நீங்களே நடத்துவீங்களா இல்ல வேற ஆபீஸுக்கு மாத்தி விடுவீங்களான்னு கேளுங்க. நாங்க பாத்த முதல் ஆபீஸ் மாத்தி விடற ஆபீஸ்தான்.

நீலவானம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அப்பா சம்மதிச்சிட்டாரு, வாக்குமூலம் ஒரு தடவைதான்னு தெரிஞ்சதும் "அப்ப நான் சொல்றேன், கூட வேலை பாத்தவனுங்க பசங்களுக்கும் உதவும்"னாரு. வக்கீலைப் பாத்தாச்சு, இந்த மாதிரி வழக்கு முன்னாடி நடத்தினவரு. லேபுக்கு கடிதம் போயிடுச்சு, பிளாக் இருக்குன்னு எழுத்துல பதில் வந்துச்சு. டிஸ்சார்ஜ் புத்தகம் அம்மா பீரோவுல பத்திரமா இருந்துச்சு.

ஒரு அவசரக் கேள்வி. அப்பா கடைசியா வேலை பாத்த கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணினாரு. நோய் விஷயம் கேள்விப்பட்டோம், உதவித் தொகை தர்றோம், ஒரு பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடணும், வீட்டுக்கே வர்றோம்னு ரொம்ப அன்பா பேசினாரு. அம்மா வாங்கிக்கலாம்னு சொல்றாங்க, மருந்துச் செலவு அப்படி இருக்கு.

கருப்புக்கோட்டு:

கையெழுத்து போடாதீங்க. அப்பா, அம்மா, நீங்க யாருமே. அந்தப் பேப்பர்ல இனிமே எந்தக் கோரிக்கையும் கிடையாதுன்னு, முழுமையான இறுதித் தீர்வுன்னு ஒரு வரி இருக்கும், சில சமயம் அந்த கம்பெனி மட்டும் இல்லாம மத்த எல்லாருக்கும் விடுதலைன்னு எழுதியிருப்பாங்க. அப்பாவுக்கு அப்புறம் அம்மா போடக்கூடிய வழக்கும் அதோட போயிடலாம். ஆஸ்பெஸ்டோசிஸ் நிலைமையில இப்படி கையெழுத்து போட்டுட்டு பின்னாடி புற்றுநோய் வந்து திரும்பிக் கேக்க முடியாம நின்ன குடும்பங்கள் உண்டு. அதுக்காகத்தான் நியூ சவுத் வேல்ஸ்ல எல்லாம் இப்ப ஒரு தொகை, பின்னாடி மோசமான நோய் வந்தா மறுபடி கேக்கலாம்னு சட்டத்துலயே வழி வச்சிருக்காங்க.

பணம் தர்றேன்னா தரட்டும், வக்கீல் மூலமா வரட்டும். மருந்துச் செலவுக்கு இடைக்காலத் தொகை கேக்க முடியுமான்னு உங்க வக்கீலை நாளைக்கே கேளுங்க. யாரு கூப்பிட்டாங்க, எந்தத் தேதி, என்ன சொன்னாங்கன்னு எழுதி வைங்க.

பழைய_ஃபிட்டர்:

வீட்டுக்கு வந்தாங்கன்னா உள்ள விடாத பாப்பா. அம்மாகிட்டயும் சொல்லி வை, அவங்க தனியா இருக்கறப்பதான் வருவாங்க.

நீலவானம்:

அம்மாகிட்ட ரெண்டு பதிவையும் படிச்சுக் காட்டிட்டேன் ஐயா. போன் பண்ணினவருக்கு வக்கீல் நம்பரைக் குடுத்துட்டு இனிமே அவர்கிட்டதான் பேசணும்னு சொல்லிட்டேன். இடைக்காலத் தொகைக்கு மனு போடலாம்னு வக்கீல் சொல்றாரு, அப்பா வாக்குமூலத்துக்கு அவசர மனு போட்டாச்சு, டாக்டர் சர்டிஃபிகேட் சேத்து. மணல்மேடு, உங்க மாமாவுக்கு எங்க கேள்விப் பட்டியல் வேணும்னா தனிச் செய்தியில அனுப்பறேன், ஃபேக்டரி வேலைக்கு ஏத்த மாதிரி ஃபிட்டர் ஐயாவைக் கொஞ்சம் மாத்தித் தரச் சொல்லலாம்.